பேக்கரி வாசலில் போன போன்

ஒரு ஞாயிறு சாயங்காலம் பேக்கரி வாசலில் இரண்டு பேர் கட்டிப் புரண்டார்கள். நான் டீ கிளாஸை வைத்துவிட்டு வீடியோ எடுத்தேன். வேண்டாத வேலைதான். வந்த ஏட்டய்யா, "கேசுக்கு வேணுங்க" என்று போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ரசீது ஒன்றும் இல்லை.

வெள்ளகோவில் பக்கம் தேங்காய்க் களம் வைத்திருப்பவனுக்குப் போன்தான் கல்லாப்பெட்டி. உடைக்கிற ஆட்களுக்குக் கூலி போடுவதுகூட அதில்தான். நாலு நாள் ஸ்டேஷனுக்கு நடந்தேன். ரைட்டர் நாலு நாளும் "நாளைக்கு வாங்க" என்றார்.

ஈரோட்டில் வக்கீலாக இருக்கும் மச்சானிடம் போய், "வாரண்ட் இல்லாம எப்படி எடுக்கலாம்?" என்று குதித்தேன். சிரித்தார்.

"அது அமெரிக்கா மாப்ள. அங்க அரசியல் சட்டத்தோட நாலாவது திருத்தத்துலயே எழுதி வெச்சிருக்கு. நம்ம அரசியல் சட்டத்துல சோதனை, பறிமுதலுக்குன்னு தனி வரி கிடையாது. 1954-லயே சுப்ரீம் கோர்ட் அதைச் சொல்லியாச்சு. 2017-ல அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு வந்தப்புறம்தான் கொஞ்சம் பிடிமானம். பாஸ்வேர்ட் கேட்டா, தனக்கு எதிரா தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாதுங்கிற 20(3) இருக்குன்னு சொல்லிட்டு நிக்காத. அது குற்றம் சாட்டப்பட்டவனுக்கு. நீ வெறும் சாட்சி."

அப்படியானால் நமக்கு என்னதான் இருக்கிறது? அரசியல் சட்டத்தின் 300ஏ பிரிவு: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது. அந்தச் சட்டம் எது என்று பார்த்தால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிஎன்எஸ்எஸ். அதன் 106-ஆம் பிரிவில் போலீஸ் வாரண்ட் இல்லாமலே பொருளை எடுக்கலாம், ஆனால் எடுத்ததை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். 105-இல் பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டும் என்றே இருக்கிறது. வீடியோ எடுத்த என் போனை வீடியோ இல்லாமல் எடுத்திருக்கிறார்கள்!

இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி இன்ஸ்பெக்டருக்கும், நகலை மாஜிஸ்திரேட்டுக்கும் எஸ்பிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். மூன்றாம் நாள் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. மகஜர், அதாவது பொருளை எடுத்ததற்குச் சாட்சிகளோடு எழுதும் பதிவு, தயாராக இருந்தது. பேக்கரி மாஸ்டர் சாட்சி. தேதியைப் பார்த்தால் அன்றைய தேதி. எடுத்தது போன ஞாயிறு என்று அதிலேயே எழுதினால்தான் கையெழுத்து என்றேன். ரைட்டர் முறைத்தார், அப்புறம் எழுதினார். நகலை வாங்காமல் நான் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு கோர்ட் வேலை சுலபம், நேரம்தான் பிடித்தது. போனைத் திரும்பக் கேட்டு அதே பிஎன்எஸ்எஸ்ஸின் 503-ஆம் பிரிவில் மனு. பில் தொலைந்திருந்தது. ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ எண்ணுக்கு அட்டைப்பெட்டியைத் தேடினால், வீட்டில் அதில் ஊசி நூல் போட்டு வைத்திருந்தார்கள். பிடித்த பொருள்களை ஸ்டேஷனில் மக்க விடக்கூடாது, படமெடுத்து, பத்திரம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம் என்று 2002-இல் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பை மச்சான் மனுவில் சேர்த்திருந்தார். வீடியோவை நகல் எடுத்தாகிவிட்டது என்று போலீஸும் சொல்லிவிட, பிணைப் பத்திரம் எழுதிக்கொடுத்து வாங்கினேன். நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது.

வழக்கு முடியும்வரை விற்கக் கூடாது, எதையும் அழிக்கக் கூடாது, கேட்டபோது கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. அரை நாள் சார்ஜ் நிற்காத அந்தப் போன் இப்போது பீரோவில், பத்திர நகலோடு, அதே ஊசிநூல் பெட்டிக்குள் இருக்கிறது.