சித்திரை வெயிலுக்கு நாயை மொட்டையடிக்காதீர்கள்

பங்குனி பிறந்ததும் மதுரையில் பலர் பொமரேனியனையும் ஜெர்மன் ஷெப்பர்டையும் ஷேவ் செய்யக் கொண்டுபோகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இந்த நாய்களுக்கு மேலே சொரசொரப்பான மேல்முடி, அதன் அடியில் மென்மையான உள்முடி என்று இரண்டு அடுக்கு முடி. மேல்முடிதான் தோலை வெயிலிலிருந்து காக்கிறது. மழித்தால் சில நாய்களுக்கு, குறிப்பாகப் பொமரேனியனுக்கு, திட்டுத்திட்டாகத்தான் திரும்ப வளரும். எடுக்க வேண்டியது உதிர்ந்து சிக்கிய உள்முடியை மட்டும்.

முடி கொட்டும் காலத்தில் வாரம் 3 தடவை, மற்றபடி 1 தடவை போதும். ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, தோல் தெரிகிற கோட்டிலிருந்து அடுக்கடுக்காகச் சீவுங்கள். முதலில் ரேக் (உள்முடியை வாரி எடுக்கும் அகலப் பல் சீப்பு), பிறகு ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிகள் நெருக்கமாக உள்ள பிரஷ்), கடைசியில் ஸ்டீல் சீப்பு. சீப்பு வேரிலிருந்து நுனிவரை தடையில்லாமல் போனால்தான் வேலை முடிந்தது. மேலாகச் சீவினால் பளபளப்பாகத் தெரியும். அடியில் சடை கட்டியிருக்கும். காதுக்குப் பின்னால், அக்குள், பின்தொடை, முதலில் சிக்கு விழுவது அங்கேதான். குளிப்பாட்டும் முன்பே அதை விரலால் பிரித்துவிடுங்கள், நனைந்தால் இறுகிவிடும். கத்தரிக்கோல் வைத்தால் தோலும் சேர்ந்து வெட்டுப்படும்.

வெயிலைவிட எனக்குக் கவலை ஐப்பசி மழைதான். உள்முடி ஈரத்தோடு கிடந்தால் தோல் புண்ணாகி நாற்றமடிக்கும். துண்டால் ஒற்றி, சூடில்லாத காற்றில் டிரையர் பிடித்து வேர்வரை உலர்த்துங்கள். அப்படியே காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.