பூஜ்யம் சரி, முப்பத்தைந்து தப்பு

ஜூன் 4, தடா

காலையில் இறால் குஞ்சு வந்து இறங்கியது. பைத் தண்ணீரின் உப்பு ஆயிரத்துக்கு 30 என்று பொரிப்பகத்துச் சீட்டில் இருந்தது. ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் என் ரிஃப்ராக்டோமீட்டரில் 32.5. குளத்தில் 26.

போன தடவை பையை அளக்காமல் சீட்டை நம்பினேன். வித்தியாசம் நாலுதானே என்று சீக்கிரமே குளத்தில் விட்டதில் பாதிக் குஞ்சு செத்துவிட்டது. அது இன்னும் மனதை அறுக்கிறது. இன்று இரண்டையும் ஒரே கருவியால் அளந்து, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, இருட்டிய பிறகுதான் விட்டோம்.

ஜூன் 5

உப்பே இல்லாத பேட்டரித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் ரிஃப்ராக்டோமீட்டர் பூஜ்யம் காட்டுகிறது. "அப்போ மீட்டர் சரிதானே அண்ணா?" என்றான் தம்பி. நானும் இத்தனை நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தண்ணீரைக் காய்ச்சி, மிஞ்சும் உப்பை எடை போடலாமே என்றும் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு ஈரத்தை விடாது. இன்னும் சூடாக்கினால் ஈரத்தோடு குளோரினும் அமிலமாகப் பறந்துவிடும். எடை நிலைக்காது.

ஜூன் 7

பூஜ்யத்துக்கு மேலேயும் கருவி சரியா என்று பார்க்க ஒரு கரைசல் செய்தேன்: ஆய்வகத்துச் சோடியம் குளோரைடு 36.5 கிராம், பேட்டரித் தண்ணீர் 963.5 கிராம். இந்தக் கரைசல் ஒளியை வளைப்பது 35 உப்புள்ள கடல்நீர் வளைப்பதற்குச் சமம். கல் உப்பு இதற்கு உதவாது.

கருவி காட்டியது 38! அதே கரைசலில் சம எடை தண்ணீர் கலந்தேன், 17.5க்குப் பதில் 19. பூஜ்யத்தில் ஒட்டி நின்று, மேலே போகப் போக விலகுகிறது. கருவியின் திருகாணியைத் திருப்பி 35 காட்ட வைத்தால் பூஜ்யம் கெடும். அதனால் காட்டுவதை 35ஆல் பெருக்கி 38ஆல் வகுக்கிறேன். பை 30, குளம் 24. சீட்டு சொன்னது சரி, தப்பு என் கருவியில். போன தடவை நாலு என்று நான் நினைத்தது உண்மையில் ஆறு.

ஜூன் 9

தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று அளக்கும் கடத்துதிறன் மீட்டர் ஒன்று இரவல் கிடைத்தது. 35 உப்புள்ள கடல்நீர் 25 டிகிரியில் சென்டிமீட்டருக்குச் சுமார் 53 மில்லிசீமன்ஸ் காட்ட வேண்டும். ஒரு டிகிரி ஏறினால் ஏறத்தாழ 2 சதவீதம் கூடும் என்பதால் வெப்பத்தையும் சேர்த்தே குறிக்கிறோம். 1978 முதல் கடலாய்வாளர்கள் உப்பைக் கணக்கிடுவதும் கடத்துதிறனை வைத்துத்தான். குளத்துக்கு இதுவும் 24 என்றே சொன்னது. அப்பாடா!

ரிஃப்ராக்டோமீட்டரின் தானியங்கி வெப்பத் திருத்தம் பெரும்பாலும் 30 டிகிரி வரைதான். எங்கள் மதிய வெயிலுக்கு அது போதாது. இனி அளப்பது விடியற்காலையில், கொட்டகை நிழலில், குமிழி இல்லாமல் மூடி, அரை நிமிடம் பொறுத்து.

கரைசல் பாட்டிலில் தேதி எழுதி ஒட்டினான் தம்பி. தீவனத் தட்டைத் தூக்கினோம். குஞ்சுகள் துள்ளின.