அப்பாவின் புல்லட்: முதலில் ஆர்சி, கடைசியில் பெயிண்ட்

பழைய வண்டியை மறுபடி ஓட வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் நேராகப் பெயிண்டரிடம் போகிறார்கள். எங்கள் வீட்டில் முதலில் காகிதத்தைச் சரிசெய்தோம், அப்புறம் எஞ்சின், எல்லாம் முடிந்த பிறகே பெயிண்ட். இந்த வரிசையை யார் கேட்டாலும் அடித்துச் சொல்வேன்.

வண்டி 1994 பதிவு, டிஎன் 49. புல்லட் ஸ்டாண்டர்டு 350. காஸ்ட் அயன் எஞ்சின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஊர் திருவையாறு பக்கம். குறுவைக்கு விதைநெல் மூட்டை வந்ததும் இதில்தான். ஆடிப்பெருக்குக்குத் தம்பியை டேங்க் மேல் உட்காரவைத்து, நடுவில் நான், பின்னால் அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்து கல்லணைக்குப் போனதும் இதில்தான். 2022-இல் அப்பா தவறிய பிறகு கொட்டகையிலேயே நின்றது.

சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம் செல்லும். அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2009, 2014, 2019 மூன்றையும் அப்பாவே பார்த்துக்கொண்டார். 2024 வந்தபோது அவர் இல்லை. காலமானவர் பெயரில் இருக்கிற வண்டியைப் புதுப்பிப்பதற்கு முன் வாரிசு பெயருக்கு மாற்றியாக வேண்டும். அதற்குப் படிவம் 31. உரிமையாளர் இறந்து 30 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் மனு கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த மூன்று மாதத்தில் அம்மாவிடம் வண்டிப் பேச்சை எடுக்க யாருக்கு மனசு வரும்?

இறப்புச் சான்றிதழ் கையில் இருந்தது. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் பதிந்தோம், தாசில்தார் அலுவலகத்திலிருந்து வந்தது. மற்ற வாரிசுகளுக்கு ஆட்சேபம் இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரம்தான் இழுத்தடித்தது. தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துக்குச் சான்று வாங்கித் தபாலில் அனுப்பினான். டெல்டாவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிற காலம் இது. உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த ஒரு பத்திரத்தை ஆரம்பித்துவிடுங்கள். இன்னொன்றும் இருந்தது. அப்பா தவணையில் எடுத்த வண்டி. கடன் அடைந்து எத்தனையோ வருடமாகியும் ஆர்சியில் ஹெச்பி என்ற தவணைக் கடன் குறிப்பு அப்படியே நின்றது. அதை எடுக்கப் படிவம் 35-உம், கடன் கொடுத்தவர்களின் தடையின்மைக் கடிதமும் வேண்டும். அந்தக் கடிதத்தை அப்பா மற்ற ரசீதுகளோடு நூலில் கோத்து பீரோவில் வைத்திருந்தார்.

காகிதம் நகர்ந்துகொண்டிருக்கும்போதே தஞ்சாவூரில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனோம். பழைய புல்லட்டை மட்டுமே தொடுகிறவர். நான் கிக்கரில் கால் வைத்ததும் தடுத்தார். "இரு தங்கச்சி, அடியில ஆயில் நிக்கும். அதை எறக்காம ஒதைக்கக் கூடாது." இந்த எஞ்சினில் ஆயில் தனி அறையில் இருக்கும். ஒரு பம்ப் அதை உள்ளே அனுப்பும், இன்னொன்று திருப்பி எடுக்கும். ரொம்ப நாள் நின்றால் ஆயில் தானாகவே கசிந்து எஞ்சினின் கீழ்க்கூடான கிராங்க்கேஸின் அடியில் தேங்கிவிடும். அப்படியே கிளப்பினால் சைலன்சரில் வெள்ளைப் புகை கொட்டும். அடி நட்டைக் கழற்றியதும் கறுப்பாக ஊற்றியது.

சிலிண்டரின் உள்சுவரில் துரு வளையம் விழுந்திருந்தது. லேத்தில் அதைக் கடைந்து, அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் போட்டோம். ஸ்பார்க்குக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்டைத் தேய்த்து 0.35 மில்லிமீட்டருக்குக் குறையாமல், 0.40-ஐத் தாண்டாமல் இடைவெளி வைத்தார். எலி கடித்த ஒயரிங் முழுக்கப் புதுசு. மற்றபடி கிராங்க்கேஸ், கனெக்டிங் ராட், ஹெட், கியர்பாக்ஸ் எல்லாம் பழையதே. "ஓடுறதை மாத்தாதே, இப்ப வர்ற சாமான்ல இந்த இரும்பு இல்லை" என்பார். கையில் பணம் இருக்கிறதென்று பழைய பாகத்தைக் குப்பையில் போட்டுவிட்டு டூப்ளிகேட் பூட்டுவது எனக்கும் சம்மதமில்லை. தேய்ந்ததை மட்டும் மாற்றினால் வண்டி அதே வண்டியாக இருக்கும்.

கிளப்பும் முறையையும் அவரே கற்றுக்கொடுத்தார். சாவி போட்டதும் ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும். கிக்கரை மெதுவாக அழுத்த அழுத்த முள் இடதுபக்கம் சாயும், பாயிண்ட் பிரியும்போது நடுவுக்கு வரும். அந்த இடத்தில், சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷர் லிவரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்ட வைத்து, விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதி. இதில் பலத்துக்கு வேலையே இல்லை. பெண்களால் புல்லட் உதைக்க முடியாது என்கிறவர்களுக்கு இந்த முள் விஷயம் தெரியாது.

வீட்டு வாசலில் கிளப்பியபோது அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அப்பா வண்டிச் சத்தம் இவ்வளவு அவசரமா இருக்காதே" என்றார்கள். போனில் சொன்னதும் மெக்கானிக், "அம்மா சொல்றது சரி, ஐடில் ஸ்பீடு தூக்கலா இருக்கு, ஸ்க்ரூவைக் கொஞ்சம் எறக்கு" என்றார். இறக்கினேன். தலையாட்டினார்கள்.

புகைச் சோதனையில் பயப்பட ஒன்றுமில்லை. 2000 மார்ச் 31-க்கு முன் தயாரான இருசக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை அனுமதி. கார்ப்பரேட்டரில் காற்று ஸ்க்ரூ சரியாக இருந்தால் போதும். அந்தச் சான்றிதழ், இன்சூரன்ஸ், பசுமை வரி, புதுப்பிப்புக்கான படிவம் 25 எல்லாவற்றோடும் வண்டியை ஆர்டிஓ அலுவலகத்தில் நேரில் காட்டினோம். நாங்கள் கட்டும்போது இருசக்கர வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 1000 ரூபாய். 2025 ஆகஸ்டிலிருந்து 20 வருடம் தாண்டிய வண்டிக்கு அது 2000. தாமதமானால் மாதத்துக்கு 300 ரூபாய் கூடும்.

பெயிண்டைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஆய்வாளர் சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார், எஞ்சின் நம்பரையும் ஆர்சியோடு ஒப்பிடுவார். அந்த எழுத்துகளை உப்புத்தாளால் தேய்த்தோ, பட்டி போட்டு மூடியோ பளபளப்பாக்கிய வண்டி அங்கே சந்தேகத்துக்கு உரிய வண்டியாகிவிடும். எங்களுடையதில் துருவுக்கு நடுவிலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. பிறகு பெயிண்டரிடம் கொடுத்தபோதும் நம்பர் இருக்கிற இடத்தில் டேப் ஒட்டிய பிறகே ஃபிரேமைத் தொடவிட்டேன்.

கறுப்பு அடித்தாயிற்று. டேங்க்கில் தங்கக் கோடு வேண்டும். புல்லட் தயாரான திருவொற்றியூர் ஆலையில் அந்தக் காலத்தில் அதைத் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்தார்கள். கடையில் ஸ்டிக்கர் கொடுத்தார்கள், நான் வாங்கவில்லை. ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்துபோன ஒரு போர்டு ஆர்ட்டிஸ்டைக் கும்பகோணத்தில் பிடித்தேன். பெரியவர் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் வளைவைத் திருப்பினார். இரண்டு பக்கமும் மயிரிழை வித்தியாசம் உண்டு. கைவேலை அப்படித்தான் இருக்கும், அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது வாரத்துக்கு ஒருமுறையாவது எடுக்கிறேன். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பருக்கும் ஆகாது. அதனால் பெட்ரோல் டியூபையும் பெட்ரோல் குழாயின் வாஷரையும் மாற்றிவிட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் கார்ப்பரேட்டரைக் காலி செய்துவிடுவது நல்லது. அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயும் வைக்கோல் பின்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். ஸ்பீடோமீட்டர் மட்டும் இன்னும் ஓடவில்லை. கேபிள் மாற்றியும் பயனில்லை, உள்ளே கியர் தேய்ந்திருக்கிறதாம். அதே காலத்து மீட்டர் ஒன்றைப் சென்னை புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் தேடச் சொல்லியிருக்கிறேன்.