கடைசி அத்தியாயம்

நாவலின் கடைசி இரண்டு அத்தியாயம் பத்து நாளாக அப்படியே நிற்கிறது. காதல் கதை எழுதுகிற எனக்கு முடிவு எழுதத்தான் பயம். இரண்டு பேரையும் சேர்த்து வைத்துவிடலாம், ஆனால் படிக்கிறவள் அதை நம்ப வேண்டுமே.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' நாவலை எடுத்தேன். 1816 ஜூலையில் எழுதி முடித்தவர், முடிவு பிடிக்காமல் ஆகஸ்டில் மாற்றி எழுதினார். மாற்றியதில்தான் அந்தக் கடிதம் வருகிறது. கதாநாயகி ஆன் வேறொருவரிடம் பேசுவது காதில் விழ விழ, அதே அறையில் உட்கார்ந்து அவளுடைய பழைய காதலன் வென்ட்வர்த் அவளுக்கு எழுதுகிறான். எட்டரை வருஷப் பிரிவு! எத்தனை தடவை படித்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். அதை எழுதும்போது ஆஸ்டினுக்கு உடம்பும் சரியில்லை. அடுத்த ஜூலையில், 41 வயதில் போய்விட்டார். புத்தகம் வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு வேறொரு பயமும் வந்துவிடுகிறது, எழுதாமல் விட்டுப் போய்விடுவேனோ என்று.

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் போன வாரம்தான் கண்புரை ஆபரேஷன் ஆனது. கூடத்தில் அம்மா சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணாந்து பாருங்க, அசையாதீங்க" என்று அவர் தாடையைப் பிடித்திருந்தாள். மருந்து விழுந்ததும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கை மட்டும் அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்திருந்தது. ஐந்து நிமிஷம் ஆகும்வரை அம்மாவும் நகரவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். கல்யாண மண்டபக் காட்சியை முழுசாகக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.