போட்டோக்காரியின் நாட்குறிப்பு: தை மாதம்

ஜனவரி 5, 2025, ஞாயிறு
மயிலாடுதுறை

மார்கழியில் கல்யாணம் கிடையாது. இந்த மாதம் எனக்கு வருவதெல்லாம் குடும்பப் படங்கள்தான். விடுமுறைக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த பிள்ளைகள், திரும்பிப் போவதற்குள் அப்பா அம்மாவோடு ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். இன்று கூறைநாட்டில் அப்படி ஒரு வீடு. முற்றத்தில் பதினெட்டுப் பேர், மூன்று வரிசை. பெரியவர்களுக்கு நாற்காலி, அவர்களுக்குப் பின்னால் மகன்களும் மருமகள்களும், முன்னால் பாயில் பேரப்பிள்ளைகள். இடம் போதவில்லை என்று அகலமான லென்ஸைப் போட்டால் ஓரத்தில் நிற்பவர்களின் தோள் இழுபட்டுத் தெரியும். அதனால் 50 மில்லிமீட்டர் லென்ஸோடு திண்ணை வரைக்கும் பின்வாங்கி, லென்ஸின் திறப்பை (அபெர்ச்சர்) எஃப் 8இல் வைத்து எடுத்தேன்.

கண் சிமிட்டாத படம் ஒன்றாவது கிடைக்க எத்தனை முறை எடுக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியாவில் பியர்ஸ் பார்ன்ஸும் நிக் ஸ்வென்சனும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இருபது பேருக்குள் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுக்க வேண்டும். வெளிச்சம் குறைவாக இருந்தால் இரண்டால். 2006இல் அதற்கு இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். நான் பல வருடங்களாக அந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகிறேன். பதினெட்டுப் பேருக்கு ஆறு படம்.

இன்று முப்பத்தொன்று எடுத்தேன். அத்தை கோயிலுக்குப் போயிருந்ததால் என் மகள் பாப்பா என்னோடு வந்திருந்தாள். நாலரை வயது. பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பிக்கொண்டு போய் மாட்டுக்கொட்டகையில் கன்றுக்குட்டியைக் காட்டினாள். வரிசை கலைந்துகொண்டே இருந்தது. நல்லவேளையாக அந்த வீட்டுப் பாட்டி ரசித்தார். "இது எங்கள் வீட்டிலேயே பிறந்திருக்க வேண்டிய பெண்" என்று சொல்லி அவள் கையில் அதிரசம் கொடுத்தார்.

ஜனவரி 9, வியாழன்

பாப்பா என் கேமராவுக்கு முகம் காட்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கேமரா பையின் ஜிப் சத்தம் கேட்டாலே முதுகைத் திருப்பிக்கொள்வாள். ஊரார் பிள்ளைகளின் படங்கள் என் கணினியில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. என் மகளின் கடந்த ஆண்டைத் தேடினால் பின்னலும் முதுகும்தான் கிடைக்கின்றன. அவள் அப்பாவின் போனில் மட்டும் சிரிக்கிறாள்.

கெஞ்சியும் பார்த்தேன், சாக்லேட் தருவதாகவும் சொல்லிப் பார்த்தேன். இனிச் செய்ய மாட்டேன். வேண்டாம் என்று அவள் சொன்னால் வேண்டாம்தான்.

ஜனவரி 13, திங்கள், போகி

ஸ்டூடியோ வைத்திருந்த என் அப்பாவின் இரண்டு பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கினோம். "பழையதுதானே, போகியில் சேர்த்துவிடலாமா?" என்று அத்தை கேட்டார். தப்பாகக் கேட்கவில்லை. பத்து வருடமாகப் பரணை அடைத்துக்கொண்டிருப்பவை. ஒன்றில் நெகட்டிவ்கள். மூடியைத் திறந்ததும் பாப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஊறுகாய் வாடை" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். அசிடேட் ஃபிலிம் கெட்டுப்போகும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகும். வினிகர் வாடை அதனால்தான். ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதும் கெடும். ஒட்டிக்கொண்டவற்றைத் தனியாக எடுத்துவைத்தேன்.

தாலி கட்டிய கையோடு ஸ்டூடியோவுக்கு வந்து நின்ற ஜோடிகள், மொட்டை போட்ட குழந்தைகள், பட்டம் வாங்கிய முதல் பெண்கள். இந்த வட்டாரத்தின் முகம் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடித் தேடி எண்மமாக்கி வைத்திருக்கிறது. அப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது என்று அப்பா காலத்திலேயே எனக்குத் தெரிந்திருந்தால் இந்தப் பெட்டி பரணுக்கே ஏறியிருக்காது. நெருப்பில் போடுவதைப் பற்றி இந்த வீட்டில் இனிப் பேச்சே இல்லை.

இரண்டாவது பெட்டியில் யாஷிகா மேட் 124 ஜி. அப்பா முப்பது வருடம் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்த கேமரா. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ். மேல் மூடியைத் திறந்து, குனிந்து, கண்ணாடியில் பார்க்க வேண்டும். ஷட்டர் இன்னும் வேலை செய்கிறது. பாப்பா நாள் முழுவதும் அதன் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 16, வியாழன், காணும் பொங்கல்

தரங்கம்பாடியில் மூன்று குடும்பங்கள். கடற்கரையில் கால்வைக்க இடமில்லை. கால் வலி. நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 22, புதன்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

திருக்கடையூரில் ஒரு சஷ்டியப்தபூர்த்தி. அத்தைக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து நான்கு நாள்தான் ஆகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியாது. பாப்பாவின் அப்பாவுக்கு வங்கியில் தணிக்கை, விடுப்பு கிடைக்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குப் பாப்பாவைத் தூக்கத்தோடு காரில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கோ பூஜை வரைக்கும் பாப்பா வேடிக்கை பார்க்க மாடு இருந்தது, கவலை இல்லாமல் போயிற்று. அதன் பிறகு ஹோமம். பிரகாரத்தில் வரிசையாகப் பல தம்பதிகளுக்கு ஒரே நேரத்தில் நடக்கும். புகைக்கு நடுவே காலை வெயில் சாய்வாக இறங்குகிற அந்த அரை மணி நேரத்துக்காகவே நான் இந்த வேலையை விடாமல் செய்கிறேன். அப்புறம் கலசாபிஷேகம். தம்பதியின் தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்துக்கொள்ள, மகன்களும் மகள்களும் வரிசையில் வந்து கலச நீரை ஊற்றுவார்கள். படத்தில் நீர் முத்து முத்தாக நிற்பதற்கு ஷட்டர் வேகம் 1/800 வினாடி வேண்டும். பாப்பா என் முழங்காலைக் கட்டிக்கொண்டு "பசிக்கிறது" என்றாள். "இரு" என்றேன். மறுபடியும் சொன்னாள். "இரு". எத்தனை முறை இரு என்றேன் என்று எனக்குத் தெரியாது.

தம்பதி ஈரம் மாற்றிப் புதுப் பட்டு உடுத்தி வந்து உட்கார்ந்தார்கள். நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்கு ஏறுகிறது. பெரியவர் தாலியை எடுத்து மனைவியின் கழுத்தருகே கொண்டுபோகிறார். அந்த நேரத்தில் பாப்பா கேமராவின் வாரைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தாள். மூன்று படம் விழுந்திருக்கிறது. மூன்றிலும் கருங்கல் தரை.

அவளை அடித்துவிட்டேன். முதுகில், ஓர் அடி. அவள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு தூண் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

மூத்த மகன் என்னைத் தனியாக அழைத்து, "குழந்தையைக் கூட்டிக்கொண்டா வேலைக்கு வருவீர்கள்?" என்று கேட்டார். அவர் அப்பாவுக்கு அறுபது வயது ஒரு முறைதானே நிறையும். பதில் சொல்ல வாய் வரவில்லை. முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். அந்த அம்மாள்தான், கல்யாணக் கோலத்தில் இருந்தவர், பாப்பாவை மடியில் உட்காரவைத்து முதல் பந்தியில் சாப்பாடு போட்டார்.

ஜனவரி 23, வியாழன்

உதவிக்கு வந்த தம்பி இன்னொரு கேமராவில் வீடியோ எடுத்திருந்தார். 4கே வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமும் ஏறக்குறைய 80 லட்சம் பிக்சல். ஆல்பத்தில் ஒரு பக்கம் போடத் தாங்கும். தாலி கழுத்தில் ஏறும் ஃபிரேம் கிடைத்தது. மனைவி தலைகுனியாமல் கணவரை நேராகப் பார்க்கிறார். நான் எடுத்திருந்தால் இந்தக் கோணம் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அதே வீடியோவில், இடது ஓரத்தில், நானும் இருக்கிறேன். ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திக்கொண்டு வந்தபோது பார்த்தேன். கேமரா முகத்திலிருந்து இறங்குகிறது. கை ஓங்குகிறது. நெற்றி சுருங்கி, பல் தெரிய, யாரோ ஒரு பெண். அன்று காலையிலிருந்து பாப்பாவுக்குத் தெரிந்தது கேமராவின் கறுப்பு வட்டம்தான். அது விலகியதும் அவள் பார்த்த முகம் இது.

பழைய ஐரோப்பியப் படங்களில் ஒரு வகை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஒரு படம் பதிவாகப் பல வினாடிகள் ஆகும், குழந்தை அசைந்தால் கலங்கிவிடும். அதனால் தாய் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு நாற்காலி போல உட்கார்ந்து மடியில் குழந்தையைப் பிடித்துக்கொள்வாள். படத்தில் குழந்தை மட்டும் தெளிவாக இருக்கும். பின்னால் துணி மூடிய ஓர் உருவம். முதன்முதலில் பார்த்தபோது பயந்தேன். இன்றைக்கு அந்தக் குழந்தைகளை நினைத்துக்கொண்டேன். பிடித்திருக்கும் கை அம்மாவுடையது என்று அவர்களுக்காவது தெரிந்திருக்கும்.

பாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ கேமராவுக்குள் போய்விட்டாய். கூப்பிட்டால் வரவே இல்லை" என்றாள்.

ஜனவரி 29, புதன், தை அமாவாசை

இரவு மொட்டை மாடியில் அத்தை அபிராமி பட்டரின் கதை சொன்னார். அமாவாசையன்று சரபோஜி மன்னர் திதி கேட்க, அம்மன் நினைவிலேயே இருந்த பட்டர் பௌர்ணமி என்று சொல்லிவிட்டதும், அபிராமி தன் தோட்டைக் கழற்றி வானத்தில் வீச அது நிலவாக ஒளிர்ந்ததும். திருக்கடையூரில் இன்று பெரிய கூட்டமாம். பாப்பாவின் சந்தேகம்: "தோடு திரும்பக் கீழே வந்ததா?" அத்தையிடம் பதில் இல்லை. அமாவாசை வானத்தில் அவள் வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

யாஷிகாவுக்காகச் சென்னையிலிருந்து '120' வகை ஃபிலிம் ஒரு ரோல் தருவித்தேன். கறுப்பு வெள்ளை, ஐஎஸ்ஓ 400. யாஷிகாவின் ஒளிமானிக்கு வேண்டிய பாதரச பேட்டரி இப்போது தயாரிப்பதில்லை. டிஜிட்டல் கேமராவில் வெளிச்சத்தை அளந்து, அந்த எண்களை இதில் வைத்தேன்.

மாலை நான்கரை, கொல்லைப்புறம், வாழைமர நிழல். பாப்பாவிடம் கேட்டேன்: "தாத்தாவின் கேமராவில் எடுக்கட்டுமா? வேண்டாம் என்றால் எடுக்கவில்லை." யோசித்தாள். முதலில் அவளே எட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்தாள். கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தெரியும். அத்தை துணி காயப்போட வலப்பக்கம் நடந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் போகிறார். அதற்குச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பிறகு என் எதிரே வந்து நின்றாள். கேமரா என் வயிற்றருகே. குனிந்து ஃபோகஸ் செய்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் லென்ஸைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் எதுவும் இல்லை. முதல் படம்.

என் அப்பா படமெடுக்கும்போது குழந்தைகள் ஏன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றன என்று இத்தனை வருடம் கழித்துப் புரிகிறது. அவர் ஆட்டிய கிலுகிலுப்பைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் கேமராவுக்கு மேலே எப்போதும் வெளியில் இருந்தது.

ஒரு ரோலில் பன்னிரண்டு படம். ஒவ்வொன்றுக்கும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அதற்கு அவளுக்குத்தான் உரிமை. அதனால் பன்னிரண்டு எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசிப் படத்துக்கு அவள் நேராக என்னை நோக்கி நடந்து வந்தாள். இந்த லென்ஸ் ஒரு மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. "அங்கேயே நில்" என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

தரங்கம்பாடி, காலை ஆறு மணி. கிழக்குக் கரையில் காலையில் கடலைப் பின்னால் வைத்தால் முகம் இருண்டுவிடும்; சூரியன் முதுகுப்பக்கம். அதனால் டேனியர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பின்னணியாக்கி, குடும்பத்தைக் கடல் பார்க்க உட்காரவைத்தேன். மூன்று வயதுப் பையன் ஒருவன் உட்கார மறுத்தான். சித்தப்பா கை தட்டினார், மாமா விசில் அடித்தார், எல்லோரும் சேர்ந்து "சிரி, சிரி" என்றார்கள். பையன் அழத் தொடங்கினான்.

எல்லோரையும் நிறுத்தச் சொன்னேன். இதுவரை நான் அப்படிச் சொன்னதில்லை. காசு கொடுப்பவர்களிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிடுவேன். "பத்து நிமிடம் அவனை அவன் போக்கில் விடுங்கள்" என்றேன். டிஜிட்டல் கேமராவின் திரையை மேல்நோக்கித் திருப்பி, நெஞ்சுக்குக் கீழே இறக்கிப் பிடித்து, மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். திரை எப்போதும் திரும்பக்கூடியதுதான். நான்தான் பயன்படுத்தவில்லை.

பாட்டி பையிலிருந்து பனங்கிழங்கை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தார். பையன் வந்தான். நுனியைக் கடித்து, மெதுவாக மென்று, என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். அந்தப் படத்தில் யாரும் சிரிக்கவில்லை. பெரிய அளவில் சட்டம் போட அந்தப் படத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

பாப்பாவை அழைத்துப் போகவில்லை. அவள் அப்பாவுக்கு விடுமுறை. இனி முகூர்த்தங்களுக்கு அவளை அழைத்துப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ஆள் இல்லாத நாளில் வேலையை ஒப்புக்கொள்ளாமல் விடுவது என்றும். மாசியில் ஏற்கனவே இரண்டை விட்டாயிற்று. வருமானம் குறையும். கேமரா கடனின் தவணை குறையாது. அதை எப்படிச் சமாளிப்பது என்று இரவு உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

கழுவக் கொடுத்த ஃபிலிம் கூரியரில் வந்தது. ஒன்பது நன்றாக வந்திருக்கின்றன. இரண்டில் வெளிச்சம் கசிந்திருக்கிறது. பின் மூடியின் பஞ்சு மாற்ற வேண்டும். பன்னிரண்டாவதில் சதுரம் முழுவதும் அவள் முகம், கலங்கலாக. கண் எது, மூக்கு எது என்று பிரிக்க முடியவில்லை. சட்டையின் ஒரு பொத்தான் மட்டும் கொஞ்சம் தெளிவு.

பாப்பா நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அந்தச் சதுரத்தைக் காட்டினாள். "இதுதான் நான் உன்னிடம் வந்தது."

பத்துக்குப் பத்து அளவில் அச்சிடக் கொடுத்திருக்கிறேன்.