அப்பாவின் நெஞ்சில் முதலில்

“நான் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாமே சிஸ்டர்?” என்று அந்தக் குழந்தையின் அம்மா கேட்டதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “குழந்தையால பொறுக்க முடியாதும்மா” என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இன்னமும் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்து, ரத்த அழுத்தம் இறங்காமல், வலிப்பு வந்துவிடக் கூடாதென்று மெக்னீசியம் ஏறிக்கொண்டிருந்ததால் அவர் கட்டிலைவிட்டு இறங்க வழியில்லை, இருந்ததும் வேறு மாடியில். குழந்தை ஒன்றேகால் கிலோ, மூக்கில் மூச்சுக்கு உதவும் சிபேப் குழாய். அப்பா வெளியே நின்றிருந்தார். டாக்டரிடம் கேட்டேன், சரி என்றார், குழந்தையை வெறும் நெஞ்சில் தோலோடு தோலாக அணைத்து வைக்கும் கங்காரு கேரை அப்பாவிடமே ஆரம்பித்தோம்.

குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் வார்மரிலிருந்து மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழந்தையைத் தூக்க, இன்னொருவர் குழாயையும் ஒயர்களையும் பிடித்துக்கொள்ள வேண்டும். தொப்பி, டயப்பர், சாக்ஸ், அவ்வளவுதான் உடுப்பு. கைகால் தவளை மாதிரி மடங்கி, தலை ஒரு பக்கம் திரும்பி, முகவாய் லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும், கழுத்து மடங்கினால் மூச்சுப்பாதை அடைபடும். அழுத்திவிடுவோமோ என்ற பயத்தில் அப்பா மூச்சையே அடக்கிக்கொண்டிருந்தார். “நீங்க மூச்சு விடுங்க சார், அது அவளுக்கும் நல்லது” என்றேன். 170-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த இதயத்துடிப்பு கொஞ்ச நேரத்தில் 150-க்கு வந்தது. மானிட்டரைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. போட்டோ எடுத்து, மேலே அவங்ககிட்டக் காட்டுங்க என்று கொடுத்தேன், சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா தன் மகளை முதன்முதலாகப் பார்த்ததே அந்தப் போட்டோவில்தானாம், அதுவும் இன்னொருவர் நெஞ்சில்.

நான் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய முறை இது, வசதி உள்ள இடங்களுக்கும் இதுதான் நல்லது என்று இப்போது தெரிந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்து 2021-ல் வெளிவந்த ஆய்வில், ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளில், நிலை சீராகும்வரை காத்திருந்து ஆரம்பித்தபோது 28 நாளுக்குள் இறந்தவர்கள் 15.7 சதவீதம். பிறந்தவுடனே ஆரம்பித்தபோது 12 சதவீதம். அம்மாவால் முடியாத நேரத்தில் வீட்டார் வேறொருவர் வைத்துக்கொண்டதும் அந்தக் கணக்கில் உண்டு. அப்புறம் என்ன?

அப்புறம் இதுதான். அதே ஆய்வில் அம்மாக்களின் கட்டிலைக் குழந்தைகள் இருக்கும் பிரிவுக்குள்ளேயே போட்டிருந்தார்கள். அம்மாவுக்கான சிகிச்சையும் அங்கேயே நடந்தது. என் பக்கத்து நியாயத்துக்காக நான் எடுத்துக்கொள்ளும் ஆய்வே அவர் பக்கம்தான் பேசுகிறது. பொறுக்க முடியாதது குழந்தையாலா, அல்லது அவர் கட்டிலைக் கீழே கொண்டுவர இடம் வைக்காத கட்டடத்தாலா? ஆனால் கட்டடத்தை அந்த ஷிப்டில் நான் மாற்றியிருக்க முடியாது, குழந்தையோ அப்போது என் கையில் இருந்தது.

அதன் பிறகு அந்த அம்மாவே மணிக்கணக்கில் குழந்தையை வைத்துக்கொண்டிருந்தார், என்னிடம் நன்றாகத்தான் பேசினார். இப்போது இப்படி ஒரு நிலைமை வந்தால் முதலில் மேலே போய் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் அப்பாவைக் கூப்பிடுகிறேன். சொல்கிறேன், அனுமதி கேட்பதில்லை. கேட்டு, நான் வர்ற வரைக்கும் வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.