பழைய மஹிந்திரா பிக்கப்: ஒரிஜினலுக்குக் கொண்டுவரும் வேலை

பொள்ளாச்சிப் பக்கத் தோப்பு வீடுகளிலும் (சாளைகளிலும்) பல்லடத்துக் கோழிப்பண்ணை ஓரங்களிலும் பழைய மஹிந்திரா எஃப்.சி.-150 பிக்கப்புகள் இன்னும் நிற்கின்றன. வாங்கப் போனால் பெயிண்டைப் பார்க்காதீர்கள். இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் எஞ்சின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். பெட்ரோல் கட்டுப்படியாகாமல் டீசல் எஞ்சின் மாற்றிய வண்டிகள் நிறைய. உள்ளே கம்பெனி போட்ட 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஹரிக்கேன் எஃப்-134 இருந்தால், ஜாமாகிக் கிடந்தாலும் அந்த வண்டிதான் வேண்டும். டீசல் ஏற்றியது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். தகர வேலைக்குக் கரூரிலும் நாமக்கல்லிலும் பாடி கட்டும் பட்டறைகள் இருக்கின்றன. கழற்றிப் போன ஒரிஜினல் எஞ்சினைத் தேடிப் பிடிப்பதுதான் வருடக்கணக்கில் இழுக்கும்.

ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், எரிபொருள் மூன்றும் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. அந்தப் பதிவு சொந்த உபயோக வண்டிக்குத்தான். சரக்கு வண்டியாகப் பதிவானதென்றால், பணம் கொடுக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

ஸ்பேனரை எடுக்கும் முன் கலரைக் கண்டுபிடியுங்கள். டாஷ்போர்டின் பின்புறமும் சீட் பெட்டிக்கு அடியிலும் பெரும்பாலும் பழைய பெயிண்ட் தப்பியிருக்கும். 400 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டு, ஒரு ரூபாய் அகலத்துக்கு வட்டமாகத் தேயுங்கள். மேலே அடித்த பெயிண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு வளையமாகத் தெரியும். பிரைமரை ஒட்டி உள்ளே இருக்கும் வளையம்தான் கம்பெனிக் கலர். அதை வெயில் வெளிச்சத்தில் பெயிண்ட் கடைக்காரரிடம் காட்டி மேட்ச் பண்ணுங்கள், ட்யூப்லைட்டில் ஏமாந்துவிடுவோம்.

இந்த வண்டி முழுக்க இஞ்ச் மரை. 5/16 இஞ்ச் போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். கண்ணுக்கு எட்டு எம்.எம். போல்ட் மாதிரியே இருக்கும், இரண்டு மூன்று மரை ஏறவும் செய்யும். ஆனால் ஃபைன் மரையில் இஞ்சுக்கு 24 மரை, எட்டு எம்.எம். போல்ட்டில் மரைக்கு மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். ஸ்பேனர் போட்டு அழுத்தினால் உள்மரை மொத்தமாக உரிந்து வந்துவிடும். 9/16 இஞ்ச் தலைக்குப் 14 ஸ்பேனர் நுழையாது, 15 வழுக்கித் தலையை மழுக்கும். இஞ்ச் ஸ்பேனர் செட் ஒன்று முதலிலேயே வாங்கிவிடுங்கள். இடது பக்கச் சக்கர போல்ட்டில் 'எல்' முத்திரை இருந்தால் அது இடது மரை. நாலடி பைப்பைப் போட்டு வழக்கமான பக்கம் திருப்பினால் ஸ்டட் முறியும்.

எஞ்சின் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) கழற்றும்போது பெரும்பாலோர் தவறவிடுவது ஒரே ஒரு போல்ட். இந்த எஞ்சினில் இன்லெட் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும். இன்டேக் மேனிஃபோல்டு ஹெட்டோடு சேர்ந்த வார்ப்பு. கார்புரேட்டரைத் தூக்கினால், அந்தத் துவாரத்துக்குள் கரி படிந்து ஒரு போல்ட் தலை ஒளிந்திருக்கும். அது தெரியாமல் கடப்பாரை போட்டு நெம்பி ஹெட்டை உடைத்தவர்கள் உண்டு. பூட்டும்போது மறந்தால் கேஸ்கட் அங்கேயே ஊதும். முறுக்கு 60 முதல் 70 பவுண்ட்-அடி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றாக.

பிளாக்கைக் கழுவிய பிறகு, எக்ஸாஸ்ட் சீட்டுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. சிவப்பு டை பெனட்ரன்ட் அடித்து, கால் மணி நேரம் விட்டு, துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் மயிரிழை போலச் சிவப்புக் கோடு எழும்பி வரும். போரிங் செலவு செய்யும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். ஸ்டாண்டர்டு போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 3.125 இஞ்ச். 20, 30, 40 தௌ (ஒரு தௌ என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் வரை போகலாம். 40 ஏற்கெனவே போயிருந்தால் ஸ்லீவ் (உள்ளே செருகும் புதுக் குழாய்) போட்டு ஸ்டாண்டர்டுக்கே திரும்புவது நல்லது. கிராங்க் ஜர்னலில் (பேரிங் பிடிக்கும் உருளைப் பகுதியில்) ஒரு தௌவுக்கு மேல் நீள்வட்டம் தெரிந்தால் அரைக்கக் கொடுங்கள். கோயம்புத்தூரில் பம்ப்செட் வேலையில் ஊறிய மெஷின் ஷாப்புகளுக்கு இதெல்லாம் கைவந்த வேலை. பிஸ்டன்களை வாங்கிக் கையில் கொடுத்து, அவற்றை அளந்து போர் பண்ணச் சொல்லுங்கள். பெட்டி மேல் எழுதிய சைஸை நம்பக் கூடாது.

வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, இன்லெட் 18 தௌ, எக்ஸாஸ்ட் 16 தௌ. டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 20 தௌ, பிளக் 30 தௌ, பொறி விழும் டைமிங் பிஸ்டன் மேல்முனைக்கு வருவதற்கு 5 டிகிரி முன்னால், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2.

ரேடியேட்டருக்கு நம்ம ஊர் போர்த் தண்ணி ஆகவே ஆகாது. கெட்டிலில் படியும் அதே வெள்ளை உப்புத்தான் சிலிண்டரைச் சுற்றியும் படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். பித்தளை ரேடியேட்டரைத் தூக்கிப் போட்டு அலுமினியம் மாட்டாதீர்கள். கோர் மாற்றிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பரை ஊற வைத்துவிடும். பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமை எத்தனால் தாங்கும் ரகமாகவும் ஹோஸ்களை வைட்டன் (Viton) ரப்பராகவும் மாற்றுங்கள். டேங்கில் உள்ள பழைய பிசின் கரைந்து, துருவும் பெயர்ந்து வந்து ஃபில்டரை அடைக்கும் என்பதால், டேங்கைக் கழற்றி ஆசிட் வாஷ் செய்துவிட்டுத்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும். மாசக்கணக்கில் நிறுத்துவதென்றால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகப் பிரித்துவிடும்.

கொங்கு நாட்டில் கடல் காற்று இல்லை, அதனால் கேபின் பெரும்பாலும் தப்பியிருக்கும். உரமும் கோழி எருவும் ஏற்றிய வண்டியில் பின்பாடிதான் போயிருக்கும். பிளாட்பாரத்துக்கு அடியில் குறுக்குச் சட்டம் சேஸிஸ் மேல் உட்காரும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். புதுப் பாடி கட்டுகிறோம் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். அழுகிய பகுதியை மட்டும் நல்ல தகரம் வரும் வரை வெட்டி, 18 கேஜ் சி.ஆர். ஷீட்டில் ஒட்டுப் போடுங்கள். வெல்டிங்கை ஒரேயடியாக ஓட்டினால் சூட்டில் ஷீட் நெளியும்; இடம் மாற்றி மாற்றி ஒரு இஞ்ச் அளவில் பற்ற வைக்கச் சொல்லுங்கள். பள்ளம் நிரப்பும் பட்டி 2 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அது டிங்கரிங் சரியில்லை என்று அர்த்தம். கம்பெனியில் அடித்தது எனாமல். மேலே கிளியர் கோட் அடித்தால் புதுக் கார் மினுமினுப்பு வந்து வண்டியின் முகமே மாறிப்போகும். கிளியர் இல்லாத சிங்கிள் ஸ்டேஜ் போதும்.

பிரேக் லைனுக்குச் செம்பு பைப் வளைக்கச் சுலபம் என்று போடுவார்கள். அதிர்வில் இறுகி, ஃபிளேர் (விரித்த பைப் முனை) ஓரத்தில் வெடிக்கும். 3/16 இஞ்ச் ஸ்டீல் பைப், டபுள் ஃபிளேர். மாஸ்டர் சிலிண்டர் ஒரே லைன்தான். ஒரு இடத்தில் கசிந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. வீல் சிலிண்டரில் குழி விழுந்திருந்தால் ரப்பர் மட்டும் மாற்றிப் புண்ணியமில்லை, ஸ்லீவ் போடுங்கள். எஞ்சின் முன்னால் உட்கார்ந்திருப்பதால் காலி வண்டியில் பின்சக்கரம் சீக்கிரம் லாக் ஆகும். டெஸ்ட் ஓட்டும்போது பின்னால் நாலு மூட்டை மணல் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இந்த வண்டியின் டி-90 கியர்பாக்ஸுக்கு ஜி.எல்.-4 ரக 90 நம்பர் ஆயில் ஊற்றுங்கள், சில ஜி.எல்.-5 ஆயில்களில் உள்ள சேர்மானம் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறி ஆறியதும் ஹெட் போல்ட்டுகளை மறுபடி டார்க் வைத்து, வால்வு இடைவெளியைத் திரும்பப் பாருங்கள். 500 கிலோமீட்டரில் முதல் ஆயிலை இறக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். துணியில் நிற்பது கறுப்புத் தூள் மட்டும் என்றால் ரிங் உட்கார்ந்த தேய்மானம். செம்பு நிறத்தில் மினுக்கம் தெரிந்தால் அன்றைக்கே ஆயில் பேனைக் கழற்றி பேரிங்கைப் பாருங்கள்.